ஜமைக்காவில் அசல் பேட்டீஸ் சாப்பிட: எங்கே, எப்போது, எப்படி – முழுமையான வழிகாட்டி

ஜமைக்காவுக்குப் போகிறவர்கள் பலர் பேட்டீஸ் (மாவுக்குள் காரமான இறைச்சி வைத்துச் சுடும் பண்டம்) பற்றி ஒரு கற்பனையோடுதான் விமானம் ஏறுகிறார்கள். ஏதோ ஒரு சந்து, தகரக் கூரை, விறகடுப்பு, வயதான அம்மா ஒருவர் மாவு பிசைந்துகொண்டிருப்பார். அங்கே கிடைப்பதுதான் அசல் என்று நினைப்பு. உள்ளூர்க்காரரிடம் நல்ல பேட்டீஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, டியூப் லைட் வெளிச்சத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் முண்டியடிக்கிற, ஊரெங்கும் கிளை உள்ள கடையைத்தான் கை காட்டுவார். டேஸ்டீ, ஜூசி என்ற இரண்டு பெரிய கடைகளில் எது மேல் என்று அங்கே நண்பர்களுக்குள் நடக்கும் வாக்குவாதம் சுலபத்தில் ஓயாது.

காரணம் எளியது. பேட்டீஸ் திருவிழாப் பலகாரமோ வீட்டில் நாள் முழுக்க இருந்து செய்யும் பண்டமோ இல்லை. வேலைக்குப் போகிறவர்களின் மதிய உணவு. மொத்தமாகச் சுட்டு, சூடாக விற்று, நின்றபடியே தின்று முடிக்கிற பொருள். அதனால் எவ்வளவு வேகமாக விற்றுத் தீர்கிறதோ அந்தக் கடையின் பேட்டீஸ் அவ்வளவு நன்றாக இருக்கும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் இந்த வழிகாட்டியில் பாதி முடிந்தது.

படி 1: எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கையளவு பெரிய அரைவட்டம். மஞ்சள் நிறம். உள்ளே காரமான கொத்திறைச்சி. மேல்மாவு நம் பேக்கரி பஃப்ஸ் மாதிரி அடுக்கடுக்காக உப்பிப் பிரியாது, சோமாசி மாதிரி மொரமொரப்பாகவும் இராது; இரண்டுக்கும் நடுவில், தொட்டால் உதிர்கிற பதம். எண்ணெயில் பொரிப்பதில்லை, அடுப்பில் வைத்துச் சுடுவது.

இதன் கதையில் மூன்று நான்கு கண்டங்கள் வருகின்றன. 1655-இல் தீவைப் பிடித்த பிரிட்டிஷ்காரர்களோடு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் பொதி வந்தது என்பார்கள். காரமாகச் சமைக்கும் பழக்கத்துக்கு, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் அடுப்படியைச் சொல்வார்கள். மஞ்சளும் மசாலாப் பொடியும் நம் பக்கத்துச் சரக்கு. 1845 மே 10 அன்று மெய்ட்ஸ்டோன் என்ற கப்பல் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஓல்ட் ஹார்பர் பே கரையில் இறக்கியது. 1917 வரை இப்படி வந்தவர்கள் 36,000-க்கும் மேல். பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பக்கத்துக்காரர்கள். சென்னைத் துறைமுகம் வழியாகவும் ஒரு பகுதியினர் போனார்கள். இன்றைக்கு ஆட்டுக்கறிக் குழம்பு ஜமைக்கா விருந்துகளில் தவறாமல் வருவதற்கும் பேட்டீஸ் மேல்மாவு மஞ்சளாக இருப்பதற்கும் அவர்கள்தான் காரணம்.

அப்புறம் சீனர்கள். 1854 முதல் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் மளிகைக் கடை, பேக்கரி என்று வளர்ந்தார்கள். வின்சென்ட் சாங் 1966-இல் தொடங்கியது டேஸ்டீ. ஜூகி சின் 1980-இல் கிளாரெண்டன் மாவட்டத்தில் தொடங்கியது ஜூசி பேட்டீஸ். தீவின் இரண்டு பெரிய பேட்டீஸ் கடைகளையும் தொடங்கியவர்கள் சீன வம்சாவளி ஜமைக்கர்கள். ஆகவே, கலப்பில்லாத ‘மூல’ பேட்டீஸைத் தேடி அலையாதீர்கள். பிறந்தபோதே அது கலப்பில்தான் பிறந்தது.

உள்ளே இருக்க வேண்டியவை: அரைத்த மாட்டிறைச்சி, வெங்காயம், வெங்காயத்தாள், தைம் என்ற வாசனை இலை, மசாலாப் பொடி, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட ரொட்டித் தூள், முக்கியமாக ஸ்காட்ச் பானெட் மிளகாய். ரொட்டித் தூளைப் பார்த்துக் கலப்படம் என்று முகம் சுளிக்க வேண்டாம், அது பழைய முறைதான். இறைச்சிச் சாறு வெளியே ஓடாமல் அதுதான் பிடித்துவைக்கும்.

படி 2: எந்த ஊர், எந்த முனை

தலைநகர் கிங்ஸ்டனில் இரண்டு நாளாவது இருக்க முடிந்தால் இருங்கள். கடலோர விடுதிகளில் அடைந்துகொண்டு பேட்டீஸைத் தேடுவது வீண் வேலை. அங்கே பஃபே மேசையில் சின்னதாக, பாத்திரச் சூட்டில் வியர்த்துப்போய், காரம் குறைத்து வைத்திருப்பார்கள். அதைத் தின்றுவிட்டு ‘பேட்டீஸ் என்ன பெரிய விஷயம்’ என்று சொல்கிறவர்களோடு வாதாடிப் பயனில்லை.

கிங்ஸ்டனில் முதலில் போக வேண்டியது ஹாஃப் வே ட்ரீ. பெரிய போக்குவரத்து நிலையம், கடிகாரக் கோபுரம், நாலு பக்கமும் மனிதர்கள். பஸ் மாறுகிறவர்கள் எல்லோரும் ஏதாவது வாங்கித் தின்னும் இடம் என்பதால் அடுப்பிலிருந்து தட்டு வந்த வேகத்தில் காலியாகிவிடும். அடுத்தது கிராஸ் ரோட்ஸ். அதுவும் பஸ்களும் கூட்டமும் கூடும் சந்திப்புதான். நியூ கிங்ஸ்டனில் அலுவலகங்கள் அதிகம், அங்கே மதியக் கூட்டம்தான் உங்கள் வழிகாட்டி.

டெவன் ஹவுஸ் தனி ரகம். ஜமைக்காவின் முதல் கறுப்பின லட்சாதிபதி என்று சொல்லப்படும் ஜார்ஜ் ஸ்டீபெல் 1881-இல் கட்டிய மாளிகை அது. வளாகத்தில் இருக்கும் பேக்கரியில் பேட்டீஸ் நன்றாகவே இருக்கும், லாப்ஸ்டர் வைத்தது கூடக் கிடைக்கும். சுற்றுலாப் பயணிகள் இடம்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஞாயிறு மாலை உள்ளூர்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு ஐஸ்கிரீம் சாப்பிட வரும் இடமும் இதுதான். ஆனால் உங்கள் முதல் பேட்டீஸை இங்கே சாப்பிடாதீர்கள். சாதாரணத்தைச் சாப்பிட்டுப் பழகிவிட்டு வந்தால்தான் இந்த மேல்மாவில் என்ன கூடுதல் என்பது நாக்குக்குத் தெரியும். கிங்ஸ்டன்காரர்கள் பலர் சிபாரிசு செய்யும் சுகர் அண்ட் ஸ்பைஸ் கடையையும் இப்படி இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மான்டிகோ பேயில் இறங்குகிறவர்கள் ஹிப் ஸ்ட்ரிப் எனப்படும் சுற்றுலாத் தெருவை விட்டு, ஊருக்குள் சாம் ஷார்ப் சதுக்கம் பக்கம் போக வேண்டும். ஓச்சோ ரியோஸ், ஃபால்மத் போன்ற கப்பல் துறைகளிலும் இதே கதைதான்: துறைமுக வாசலைத் தாண்டி, உள்ளூர் ஆட்கள் டாக்ஸி பிடிக்கும் இடம் வரை நடந்தால் போதும்.

ஊர்விட்டு ஊர் போகும்போது கிளாரெண்டன் வழியாகச் சென்றால் ஜூசி பிறந்த மண்ணில் ஒன்று வாங்கிச் சாப்பிடலாம். வழியில் டாக்ஸி பிடிப்பதாக இருந்தால் ஒரு விஷயம்: வாடகைக்கு ஓட்ட உரிமம் பெற்ற வண்டிகளுக்குச் சிவப்பு நம்பர் பலகை இருக்கும். அது இல்லாத வண்டியில் ஏறாதீர்கள். குறிப்பிட்ட தடத்தில் ஓடும் ரூட் டாக்ஸியில் பின்சீட்டில் இடித்துப்பிடித்துத்தான் உட்கார வேண்டியிருக்கும், ஆனால் மலிவு. நல்ல கடை எது என்று டிரைவரைக் கேட்டால் வண்டியில் இருக்கும் எல்லோரும் பதில் சொல்வார்கள்.

படி 3: நேரம்

பகல் பதினொன்றரையிலிருந்து இரண்டு மணி வரை. இதைவிட நல்ல நேரம் இல்லை. அடுத்தபடியாகப் பிற்பகலில் பள்ளி விடும் நேரம்; சீருடைப் பிள்ளைகள் கூட்டத்தில் நீங்கள் நசுங்குவீர்கள், ஆனால் சூடாகக் கிடைக்கும்.

காலையில் கடை திறந்தவுடன் போனாலும் பரவாயில்லை. மோசமான நேரம் மாலை மங்கியபிறகு, கூட்டம் கலைந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் நாலைந்து மட்டும் விளக்குச் சூட்டில் காய்ந்துகொண்டிருக்கும்போது. அந்தப் பேட்டீஸின் ஓரம் கடித்தால் பலகை மாதிரி இருக்கும், நடுவில் மாவு ஊறிப்போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜமைக்காவில் வீட்டுச் சாப்பாட்டுக்கான நேரம், பீன்ஸ் போட்ட தேங்காய்ப்பால் சோறும் கோழியும் வீட்டுக்கு வீடு வேகும். அன்றைக்குப் பேட்டீஸை விட்டுவிட்டு, யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள்.

படி 4: கவுன்டரில் நடந்துகொள்ளும் முறை

வாய் திறந்ததும் முதலில் வர வேண்டியது ‘குட் மார்னிங்’ அல்லது ‘குட் ஆஃப்டர்நூன்’. வணக்கம் சொல்லாமல் நேரே ‘ஒரு பேட்டீஸ்’ என்று நீட்டினால் ஜமைக்காவில் அது மரியாதைக் குறைவு. கடைக்காரப் பெண் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் பெட்டியின் எந்த மூலையிலிருந்து எடுத்துத் தருகிறார் என்பதில் வித்தியாசம் இருக்கலாம்!

பல கடைகளில் முதலில் ஓரிடத்தில் பணம் கட்டி, ரசீதை அடுத்த கவுன்டரில் கொடுக்க வேண்டும். வரிசை எது, கூட்டம் எது என்று ஒரு நிமிடம் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பணமாகச் சில்லறை வைத்திருங்கள். அமெரிக்க டாலரை நீட்டினால் வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு, ஆனால் மாற்று விகிதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி: இப்போது அடுப்பிலிருந்து வந்தது எது? பீஃப் வேண்டும் என்று மனதில் முடிவு செய்துகொண்டு போயிருந்தாலும், சிக்கன் தட்டு அப்போதுதான் இறங்கியிருக்கிறது என்றால் சிக்கனை வாங்குங்கள். ஆறிய பீஃபைவிடச் சூடான சிக்கன் எவ்வளவோ மேல். மைக்ரோவேவில் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், சிரித்துக்கொண்டே நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

படி 5: மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் சைவர்களும்

இதை வழக்கமான பயணக் குறிப்புகளில் யாரும் விளக்குவதில்லை, நம் ஆட்களுக்கோ இதுதான் முதல் கேள்வி.

பீஃப் தவிர சிக்கன், மசாலாப் பொடி போட்ட ‘கறி’ சிக்கன், இறால், காய்கறி, சோயா, கல்லலூ என்று பல வகை உண்டு. ஜமைக்காவில் கல்லலூ என்பது நம் முளைக்கீரை, தண்டுக்கீரை இனத்தைச் சேர்ந்த கீரைதான் (டிரினிடாட் தீவில் அதே பெயருக்குச் சேம்பிலை). வெங்காயம், தைம், மிளகாயோடு வதக்கி உள்ளே வைத்திருப்பார்கள். பழகிய ருசிதான், தைம் வாசனை மட்டும் புதிதாக இருக்கும்.

ஆனால் உள்ளே கீரை இருப்பதால் மட்டும் அது சைவம் ஆகிவிடாது. மேல்மாவு உதிர்வதற்குப் பழைய முறையில் சேர்ப்பது மாட்டுக் கொழுப்பு. இன்று பல இடங்களில் தாவரக் கொழுப்புக்கு மாறிவிட்டார்கள் என்றாலும் எல்லா இடத்திலும் அப்படி என்று நம்பிவிட முடியாது. ஆகவே ‘உள்ளே என்ன’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘மாவில் என்ன கொழுப்பு’ என்றும் கேளுங்கள். கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பேக்கரியே பின்னால் இருக்கும் கடையில் உள்ளே கேட்டுச் சொல்வார்கள். ஒரே தட்டில் எல்லா வகையையும் வைத்திருப்பதையும் பெரும்பாலும் தவிர்க்க முடியாது.

உறுதியான சைவம் வேண்டும் என்றால் ஐட்டல் உணவகங்களைத் தேடுங்கள். ராஸ்டஃபாரி மார்க்கத்தவர்களின் உணவு முறை அது. இறைச்சி இல்லை, பதப்படுத்திய உப்பு இல்லை, முடிந்தவரை மண்ணில் விளைந்தது மட்டும். பச்சையும் மஞ்சளும் சிவப்பும் அடித்த பலகை வெளியே தெரியும். அங்கே முழுக்கோதுமை மாவில் பருப்பும் காயும் வைத்த பேட்டீஸ் கிடைத்தால் விடாதீர்கள். உதிர்வு கொஞ்சம் குறைவாக இருக்கும், நிறைவு அதிகம்.

படி 6: நல்லதா என்று கண்டுபிடிப்பது

காகிதப் பையில் போட்டுத் தருவார்கள். வாங்கிய ஓரிரு நிமிடத்தில் பையில் எண்ணெய்ப் பூக்கள் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஆறியது, அல்லது கொழுப்பைச் சுருக்கியது. பை முழுக்க நனைந்துபோனால் அது வேறு கோளாறு, சரியாக வேகவில்லை.

நிறத்தை வைத்து ஏமாற வேண்டாம். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் வெறும் சாயமாகவும் இருக்கலாம். மஞ்சள் தூளோ மசாலாப் பொடியோ போட்ட மாவில் நிறம் ஒரே சீராக இராது. ஓரங்களிலும் மேலே குமிழ்த்த இடங்களிலும் பழுப்பு ஏறியிருக்கும். சின்னக் கடைகளில் விளிம்பை முள்கரண்டியால் அழுத்தி மூடிய தடம் தெரியும். பெரிய கடைகளில் இயந்திரம் மூடும். இயந்திரம் மூடியது என்பதற்காக மட்டமாக நினைக்க ஒன்றுமில்லை.

இனி, கடிப்பது. அவசரப்பட்டால் மேலண்ணம் வெந்துபோகும், எச்சரிக்கிறேன். பேட்டீஸைப் பையிலிருந்து பாதி மட்டும் வெளியே இழுத்து, ஒரு மூலையைக் கிள்ளி எடுத்து ஆவி போக விடுங்கள். உள்ளே எரிமலைதான். அரை நிமிடம் கழித்து அந்தத் திறந்த மூலையிலிருந்தே தொடங்குங்கள். முதல் கடியிலேயே சட்டையில் தூள் கொட்ட வேண்டும். கொட்டவில்லை என்றால் மாவு சரியில்லை. உள்ளே இருப்பது கெட்டியான களி மாதிரி ஈரப்பதத்தோடு, மாவின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். உருண்டை உருண்டையாக வறண்ட இறைச்சி உதிர்ந்தால் பழையது.

காரம் நம் மிளகாய்க் காரம் போல் எடுத்த எடுப்பில் அடிக்காது. ஸ்காட்ச் பானெட்டுக்குப் பழ வாசனை உண்டு. முதலில் மூக்குக்கு அது வரும், தைம் வரும், விழுங்கியபிறகு தொண்டையில் மெதுவாக ஏறும். மிளகாய்க் காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் அந்த மிளகாய் 1,00,000 முதல் 3,50,000 வரை போகும், ஆனால் பேட்டீஸில் போடுவது கொஞ்சம்தான். காரம் மட்டும் இருந்து அந்த வாசனை இல்லை என்றால் வேறு மிளகாய்த் தூளைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். என் கணக்கில் பேட்டீஸைத் தரம் பிரிக்க இந்த ஒரு சோதனை போதும்.

படி 7: கோகோ பிரெட்டும் பானமும்

பேட்டீஸை ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவது என்று கேட்டதும் மாவுக்குள் மாவா என்று தோன்றும். செய்து பாருங்கள். கோகோ பிரெட் என்பது லேசான இனிப்புள்ள, மெத்தென்ற, வெண்ணெய் தடவி இரண்டாக மடித்துச் சுட்ட ரொட்டி. மடிப்பைத் திறந்து பேட்டீஸை முழுசாக உள்ளே வைத்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து. மேல்மாவு உள்ளுக்குள் நொறுங்கும் சத்தம் கேட்கும். இனிப்பு காரத்தைத் தணிக்கும், உதிரும் தூளெல்லாம் ரொட்டிக்குள்ளேயே தங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகளும் கட்டட வேலைக்காரர்களும் இப்படித்தான் ஒரு வேளைச் சாப்பாட்டை முடிக்கிறார்கள். இரண்டு பேட்டீஸை ஒரே ரொட்டியில் திணிப்பவர்களும் உண்டு, அவர்களைப் பார்த்து நாம் போட்டியில் இறங்கக் கூடாது.

குடிப்பதற்கு டிங் என்ற பம்பளிமாஸ் வகைச் சோடா, அல்லது இஞ்சி பீர் (சாராயம் இல்லை, நல்ல காரமான இஞ்சிப் பானம்). கிறிஸ்துமஸ் சமயத்தில் போனால் சோரெல் கிடைக்கும்: புளிச்சைக்கீரையின் உறவுச் செடி ஒன்றின் சிவப்புப் புல்லிவட்டத்தை இஞ்சியோடு ஊறவைத்து எடுத்தது.

படி 8: கூடவே கண்ணில் படும் மற்றவை

விருந்து வீடுகளில் காக்டெயில் பேட்டீஸ் என்று இரண்டு கடியில் முடியும் சின்ன அளவு வைப்பார்கள். டஜன் கணக்கில் சொல்லி வாங்கலாம். மீட் லோஃப் என்று பலகையில் இருந்தால் அது அமெரிக்கர்களின் இறைச்சிக் கட்டி இல்லை, பேட்டீஸ் இறைச்சியையே உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டி. ஸ்டாம்ப் அண்ட் கோ என்பது உப்பு மீன் போட்டுப் பொரித்த பஜ்ஜி வகை, காலை நேரத்துக்கு அருமை. பக்கத்திலேயே இருக்கும் பிளான்டெய்ன் டார்ட், வடிவத்தில் பேட்டீஸைப் போலவே இருந்தாலும் உள்ளே சிவப்பு நிற இனிப்பு வாழைக்காய். காரம் என்று நினைத்துக் கடித்துவிடாதீர்கள்.

படி 9: ஜமைக்கா வரை போக முடியாதவர்களுக்கு

டொரோன்டோவில் இருக்கும் தமிழர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்கார்பரோவில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு வார்டன் சுரங்க ரயில் நிலையத்தில் வாங்கித் தின்ற பேட்டீஸ்தான் பள்ளிக்கால நினைவு. அங்கே இந்தப் பண்டம் ஒரு சண்டை போட்டு நிலைத்தது. 1985-இல் கனடா அரசின் ஆய்வாளர்கள், பீஃப் பேட்டி என்றால் பர்கருக்குள் வைக்கும் வெறும் இறைச்சி வட்டுதான், மாவு சுற்றியதை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று கடைக்காரர்களுக்கு உத்தரவு போட்டார்கள். கடைக்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை, செய்தித்தாள்களில் ஏறியது, கடைசியில் ஜமைக்கன் பேட்டி என்று எழுதி விற்கலாம் என்று சமரசம் ஆனது. 2012-இலிருந்து பிப்ரவரி 23 டொரோன்டோவில் ஜமைக்கன் பேட்டி தினம்.

நியூயார்க்கில் பிராங்க்ஸிலிருந்து வளர்ந்த கோல்டன் க்ரஸ்ட் கிளைகள், லண்டனில் பிரிக்ஸ்டன் சந்தைப் பக்கம் என்று தேடினால் கிடைக்கும். வெளிநாட்டுக் கடைகளில் காரத்தைப் பெரும்பாலும் மிதம், காரம் என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். காரத்தையே வாங்குங்கள், அது நம் ஊர்க் கணக்கில் மிதம்தான்.

உறைநிலைப் பெட்டியில் வாங்கினால் மைக்ரோவேவ் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உறைந்த நிலையிலேயே நன்றாகச் சூடேறிய ஓவனில் வையுங்கள். 190 டிகிரி செல்சியஸில் இருபது, இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். தட்டில் காகிதம் விரித்து, ஒன்றோடொன்று தொடாமல் அடுக்குங்கள். ஓரம் பழுப்பேறி, எங்காவது ஒரு விளிம்பில் சாறு கொப்பளித்து வந்ததும் எடுத்துவிடலாம்.